டேட்டனைக் காத்தவர்கள் ஊர்க்காரர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'ஒரு சிற்றூரின் வரலாற்றை நிலைநிறுத்துவது அங்கே நடந்த பெரிய நிகழ்ச்சியா, ஊர் மக்களா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ரே கவுண்டிக்குத் தலைமையூரான டேட்டனைச் சொன்னார். 1925இல் ஸ்கோப்ஸ் வழக்கு அங்கே நடந்திராவிட்டால் அந்த ஊரை யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஐயா, அந்த வழக்கு டேட்டனுக்குத் தானாக வரவில்லை. மனிதன் தாழ்ந்த உயிரினங்களிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாதென்று டென்னசி சட்டம் போட்டது. அதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் துணை நிற்போம் என்று குடிமக்கள் உரிமை அமைப்பு ஒன்று பத்திரிகையில் அறிவித்தது. மாநிலமே படித்த அறிவிப்பு அது. அதைப் பற்றிக்கொண்டவர்கள் ராபின்சன் மருந்துக் கடையில் கூடிய டேட்டன்காரர்கள். இரும்புத் தொழில் நொடித்து ஊர் இளைத்துக் கிடந்த காலம். வழக்கு வந்தால் கூட்டம் வரும், ஊருக்கு உயிர் வரும் என்று நினைத்தார்கள். 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸை அழைத்துப் பேசி, அந்தச் சட்டத்தை மீறியதாக வழக்கை ஏற்கச் சம்மதிக்க வைத்தார்கள். கடைக்காரர் ராபின்சன்தான் பள்ளிக் குழுவின் தலைவர். பரிணாமத்தைச் சொன்ன பள்ளிப் பாடநூல் விற்றதும் அவர் கடையில்தான்! நிகழ்ச்சி ஊரை உண்டாக்கியதா, ஊர் நிகழ்ச்சியை உண்டாக்கியதா?

ஜூலை 10இல் விசாரணை தொடங்கியது. ஸ்கோப்ஸுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, சட்டத்தின் பக்கம் நின்று வாதாடியவர் அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். கூட்டத்தின் பாரத்தில் மாடித்தளம் இடிந்துவிடுமோ என்று அஞ்சி, 20ஆம் தேதி நீதிபதி விசாரணையை வெளியே புல்வெளிக்கே மாற்றினார். மறுநாள் தீர்ப்பு, 100 டாலர் அபராதம். 26ஆம் தேதி பிரையன் அதே ஊரில் காலமானார்.

சட்டக் கணக்கில் என்ன மிஞ்சியது? அபராதத்தை ஜூரி விதிக்காமல் நீதிபதி விதித்துவிட்டார் என்ற காரணத்துக்காக 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்டமோ 1967 வரை உயிரோடு இருந்தது. நிகழ்ச்சி மட்டும் போதுமென்றால், 1895இல் டேட்டன் சுரங்க வெடிப்பில் மாண்ட தொழிலாளர்களை உலகம் ஏன் மறந்தது? உயிர்கள் போன நிகழ்ச்சியல்லவா அது! அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி அந்த நீதிமன்றத்தைப் பாருங்கள். 1891இல் எழுந்த செங்கல் கட்டடம். வழக்கின்போது நாடெங்கும் பத்திரிகைகள் அந்த ஊரைக் கேலி செய்து எழுதின. அவமானம் தந்த இடமென்று இடித்திருக்கலாம். செய்யவில்லை. மாடியில் நீதிபதி மேடையும் தடுப்புக் கம்பியும் ஜூரிகளின் நாற்காலிகளும் இன்றும் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம். பல ஆண்டுகளாக ஜூலையில் ஊர்க்காரர்கள் வழக்கையே நாடகமாக நடித்துக் காட்டி வந்திருக்கிறார்கள்.

வளாகத்தில் 2005இல் பிரையன் சிலை நின்றது. 2017இல் டாரோ சிலையும் வந்தது. அதற்குப் பெரும்பணம் வெளியிலிருந்து வந்தது, உள்ளூரில் எதிர்ப்பும் எழுந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் தங்கள் நம்பிக்கையை எதிர்த்து வாதாடியவருக்குத் தங்கள் நீதிமன்ற வாசலிலேயே இடம் விட்டார்களே, அந்த மனம் எந்த வழக்கு கொடுத்தது, நண்பரே? பட்டிமன்ற மேடையில் எதிரணிக்கு நாற்காலி போடும் நமக்கு இதன் அருமை தெரியாதா?

நடுவர் அவர்களே, வழக்கு 12 நாளுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய நூறாண்டுக் காவலை ஊர்க்காரர்களின் கணக்கில் எழுதி, எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.