காரின் முன் பிரேக் டிஸ்க் மாற்றியாச்சு, ஆனால் அந்த ஸ்க்ரூ இருக்கிறதே!

வணக்கம் மக்களே! கையில் என்ன வைத்திருக்கிறேன் பாருங்கள். துக்கடா ஸ்க்ரூ. என் காலை நேரம் மொத்தத்தையும் தின்றது இதுதான்.

வால்பாறை வீடியோவில், அந்த 40 கொண்டை ஊசி வளைவு இறக்கத்தில் ஸ்டியரிங் ஆடியதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, வீல் அலைன்மென்ட் பாருங்க" என்று வரிசையாகக் கமென்ட் போட்டிருந்தீர்கள். அலைன்மென்ட் இல்லை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஆட்டம், கூடவே பெடலும் காலுக்கடியில் துடிக்கிறது என்றால், முதல் சந்தேகம் முன் டிஸ்க் மேல்தான், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டு.

ஒரு பட்டறையில் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் "லேத்தில் சீவி மட்டமாக்கிடலாம் சார்" என்றார். லேத் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளக்காமல் சீவுகிறேன் என்பதுதான் எரிச்சல். எவ்வளவு வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே அடித்திருப்பார்கள். என்னுடையதில் புதுசு 21 மி.மீ., கடைசி எல்லை 19. தடிமன் அளக்கும் வெர்னியரை அப்படியே வைத்தால் பொய் சொல்லும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் உரசாத ஓரம் தேயாமல் மேடாக நிற்கும், வெர்னியரின் தாடை அதில் போய் முட்டும். அதனால் மேட்டுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் காசு வைத்து அளந்தேன். அப்புறம் காசுகளின் தடிமனைக் கழித்தால், 18.7! இதில் சீவ என்ன இருக்கிறது? மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஜோடி நாலாயிரத்துச் சொச்சம், புதுசே வாங்கிவிட்டேன்.

இப்போது ஸ்க்ரூ கதை. டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு, பிடிக்க இரண்டு ஸ்க்ரூ. ஓட்டும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுதான், இவற்றுக்குப் பெரிய வேலையே கிடையாது. ஆனால் துருப்பிடித்து உட்கார்ந்துகொண்டால் அசையாது. ஜப்பான் வண்டிகளில் இந்தத் தலை சாதாரண ஸ்டார் மாதிரி தெரிந்தாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவில் வேறு வெட்டு. சாதாரண பிட் போட்டுத் திருகினால் வழுக்கி மேலே ஏறும், தலை மழுங்கிவிடும். துரு ஆயில் அடித்து, டீ குடித்து, மறுபடி அடித்து... ம்ஹூம். கடைசியில் இம்பாக்ட் டிரைவர் வாங்கி வந்தேன். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பின்னால் சுத்தியலால் போட்டால், அந்த அடியே பிட்டைத் தலைக்குள் அழுத்தித் திருப்பும். மூன்றாவது அடியில் 'டக்'! அந்தச் சத்தத்தைத் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன், முடிவில் போடுகிறேன். அறுநூற்றைம்பது ரூபாய். என் பெட்டியில் இனி இதுதான் ராஜா.

டிஸ்க்கையும் சுத்தியலால் அடிக்காதீர்கள். அதில் மரை வெட்டிய இரண்டு ஓட்டை இருக்கும். இரண்டிலும் எட்டு மி.மீ. போல்ட் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் தானே வெளியே வரும்.

அட, ஒன்று சொல்லாமல் தாண்டிவிட்டேன். இதற்கெல்லாம் முன்னாடி பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றுவோம் இல்லையா, அதை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். புது பேட்டுக்கு இடம் விட, காலிப்பரில் பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ட் போச்சு.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். அங்கே ஒரு துருப் பொடி இருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் அதே ஆட்டம் வரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். பழைய பேட் வேண்டவே வேண்டாம், பழைய டிஸ்க்கின் தேய்மானத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுக்கும் முன் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதி தரை வரைக்கும் போகும், ரோட்டில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். அப்புறம் காலி ரோட்டில் அறுபது கி.மீ. வேகத்திலிருந்து பத்துக்கு, நிறுத்தாமல், மிதமாக மிதித்து, புது பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும். நான் உடுமலை ரோட்டில் விடியற்காலையில் செய்தேன். ஸ்டியரிங் துளி அசையவில்லை. ஆனால் வலது பின்பக்கம் ஏதோ 'கீச்' என்கிறது, மைக்கில் விழுகிறதா கேளுங்கள். பின் சக்கரத்து டிரம் பிரேக்கையும் திறக்க வேண்டும் போல.