பத்துப் பேர் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துப் பக்கம் வந்தால் தினமும் ஒரு கேள்வி காதில் விழும். "எத்தனை பேர் இருக்கோம்?" ஒருவர் விரல் நீட்டி எண்ணுவார். எட்டு என்றால் யாராவது செல்போனை எடுப்பார்கள். பூப்பந்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர், ஆக மொத்தம் பத்துப் பேர் வேண்டும். இந்தப் பத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பூப்பந்து என்றதும் சிலர் இறகுப்பந்தை நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. இது மஞ்சள் நிறக் கம்பளி நூலில் செய்த பந்து. நல்ல எலுமிச்சம்பழ அளவு இருக்கும், எடை 30 கிராமுக்கு மேல் போகாது. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் களம், குறுக்கே ஆள் உயரத்துக்கு வலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியது என்று இதன் வரலாற்றைச் சொல்வார்கள். அரண்மனையில் தொடங்கியதோ என்னவோ, இன்று எங்களுக்குத் தேவைப்படுவது மண் தரையும் சுண்ணாம்புக் கோடும் இரண்டு கம்பங்களும்தான். கூரைகூட வேண்டாம். ஆடி மாதக் காற்றில் மட்டும் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது.

நான் 1998-இல் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். குடும்பத்தை உடனே அழைத்து வர முடியவில்லை. லாட்ஜில் அறை, மெஸ்ஸில் சாப்பாடு. அலுவலகத்தில் எல்லாரும் சார், சார் என்று நன்றாகத்தான் பழகினார்கள். ஆறு மணிக்கு மேல் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. ஒரு நாள் மைதானச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஆடுவீங்களா தம்பி?" என்றார். கல்லூரியில் ஆடியிருக்கிறேன் என்றேன். பேட்டைக் கையில் கொடுத்து, வலது பக்கம் பின்னால் நிற்கச் சொன்னார்.

எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகுதான் நம் பக்கம் பழக்கமே ஆரம்பிக்கும். அந்த விசாரணையில் எத்தனை பேர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அன்று அந்தக் கேள்விகள் வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இந்த ஆட்டத்தின் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பந்தில் மூன்று தட்டு உண்டு, பக்கத்து ஆளுக்குத் தூக்கிக் கொடுக்கலாம். பூப்பந்தில் அது கிடையாது. ஒரே அடியில் பந்து வலையைத் தாண்ட வேண்டும். தரையில் விழுந்தால் போச்சு. முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். சரி, கெட்டிக்கார எதிராளி எங்கே அடிப்பார்? இரண்டு பேருக்கு நடுவில்தான். அவர் எடுப்பார் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவரும் மரியாதையாக நின்றால் பந்து இருவர் காலடியிலும் விழும். இருவரும் பாய்ந்தால் பேட்டோடு பேட் மோதும். ஆகவே வாய் திறந்து கத்தித்தான் ஆக வேண்டும். "நான்!" "விடுங்க!" முன்பின் தெரியாத ஒருவரிடம் அன்று முதல் பத்து நிமிஷத்துக்குள் நான் இருபது தடவையாவது கத்தியிருப்பேன். கல்லூரியில் படிக்கும் பையன் வங்கி அதிகாரியைப் பார்த்து "விடுங்க மாமா, வெளிய போகுது!" என்கிறான். அவரும் விட்டுவிடுகிறார். பந்து வெளியே விழுந்ததும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் இருக்கும் நன்றியை வேறு எங்கேயும் நான் கண்டதில்லை.

சண்டையும் வரும். பந்து கோட்டில் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். ஆனால் பத்துப் பேர் வேண்டுமே! இருவரும் தினமும் வந்தார்கள், ஒரே பக்கத்தில்கூட நின்றார்கள். அப்புறம் ஒரு நாள் நடுவில் வந்த பந்துக்கு ஒருவர் "விடு" என்று கத்தினார், மற்றவர் விட்டார். அதோடு சரியாகிவிட்டது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானத்தில் பெண்கள் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் அருமையாக ஆடிய பெண்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணி அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. அவர்களுக்கும் ஒரு களமும் ஒரு மணி நேரமும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

என்னை ஆடக் கூப்பிட்டாரே, அந்தத் தையல்காரருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மனைவி இல்லை, மகன் வெளியூரில். முழங்கால் வலியால் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் வந்து கம்பத்தோரம் உட்கார்ந்து பாயிண்ட் சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஐந்தேகால் ஆகியும் அவரைக் காணோம். போன் அடித்தோம், எடுக்கவில்லை. இரண்டு பேர் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து தேறி வர மாதக்கணக்கானது. அவரால் முன்போல் தினமும் மைதானத்துக்கு வர முடியவில்லை.

அதனால் வலையையும் பந்துகளையும் அவர் வீட்டில் வைத்திருக்கிறோம். தினமும் நாலே முக்காலுக்கு ஒருவர் போய் வாங்கிவர வேண்டும், இருட்டியதும் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிழிந்த வலைக்கு அவரே முடிச்சுப் போட்டுவைப்பார். நேற்று என் முறை. முந்தின நாள் தூறலில் பந்துகள் நனைந்திருந்தன. கம்பளிப் பந்து நனைந்தால் கனத்துவிடும், ஆட முடியாது. வாசல் திண்ணையில் முறத்தைப் போட்டு, வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு தம்பி. உட்காருங்க. எத்தனை பேர் வந்திருக்காங்க?"

வணக்கம்.