வெங்காய வேரும் பீரோ சாவியும்

(அணைக்கட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது.)

விழாத் தலைவர் அவர்களே, இந்த வேலூர் வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, மதியத்திலிருந்து ‘ஹலோ, ஹலோ’ சொல்லியே தொண்டை கட்டிப்போன மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம். செடியின் செல் எப்படிப் பிரிகிறது, நம் உடம்பு செல் எப்படிப் பிரிகிறது, அது கட்டுமீறினால் புற்றுநோய் எப்படி வருகிறது. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழி கூடவே ஏறிவிடும்.

ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் சார், ‘ஆளுக்கொரு வெங்காயத்தைத் தண்ணி டம்ளர் மேல் வையுங்கடா’ என்றார். உள்ளே விழாமலிருக்க நாலு துடைப்பக் குச்சி குத்தி வைத்தேன். மூணாம் நாள் வெள்ளையாக வேர், தாத்தா தாடி மாதிரி. மறுநாள் எழுந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எங்க ஆயா, அதாவது பாட்டி, சொன்னது: ‘அழுவிப்போற வெங்காயத்த எதுக்குடா வச்சினுகீற, கொழம்புல போட்டுட்டேன்.’ வேர்? மாட்டுத் தொட்டியில். கழுநீருக்குள் முழங்கை வரைக்கும் விட்டு ஒரு கொத்து வேரைத் துழாவி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். மைக்ராஸ்கோப் இருந்தது, பீரோவுக்குள். சாவி ஆபீஸில். ஆபீஸ்காரர் லீவில். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். சார் பாவம், கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தார், செல் பிரிந்துவிட்டது.

கல்லூரிக்குப் போய்த்தான் பார்த்தேன். வேர் நுனியை மட்டும் வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் செங்கல் அடுக்கினாற்போல செல்கள், சிலதுக்குள் சிவப்பு நூல் துண்டுகளாக, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16, நமக்கு 46. பிரிவதற்கு முன்கூட்டியே செல் இவற்றை நகலெடுத்து வைத்திருக்கும், இவை நடுவில் வரிசைகட்டும், அப்புறம் கதிர்கோல் இழைகள் என்ற மெல்லிய கயிறுகள் பாதிப் பாதியாக இருபக்கம் இழுக்கும். 1882-இல் இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்த ஜெர்மானியர் வால்தர் ஃபிளெமிங் பார்த்தது பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியின் செல்களை. இழைகள் இழுத்துப் பிரிக்கும் வரைக்கும் ஆட்டுக்கும் ஆவாரஞ்செடிக்கும் ஒரே கதைதான்.

கடைசியில்தான் வித்தியாசம். நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. இடுப்பைச் சுற்றி ஆக்டின், மயோசின் என்ற புரதங்களாலான வளையம், ஆயாவின் சுருக்குப்பைக் கயிறு மாதிரி வெளியிலிருந்து உள்ளே இறுகி இரண்டாக்கிவிடும். செடி செல்லை அப்படி இறுக்க முடியாது, சுவர் விறைப்பு. அதனால் செல்லுக்குள் சரக்கைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கால்ஜி உறுப்பிலிருந்து குட்டிப் பைகள் சரக்கேற்றி வந்து நட்டநடுவில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தட்டாகி, அது ஓரம் நோக்கி வளர்ந்து பழைய சுவரைத் தொடும். கொத்தனார் இல்லாமல் வீட்டுக்குள் புதுச் சுவர்! நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிப் பிஞ்சும் முதலில் இப்படித்தான் வளர்கிறது. சிறுகக் கட்டி... வந்துவிட்டது பாருங்கள்.

புற்றுநோய்க்கு வரலாமென்றால் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, நான் வந்ததே பீரோவுக்காகத்தான். ஐயா, வாரம் ஒரு மணி நேரம் அதைத் திறந்து வையுங்கள். லென்ஸ் உடைந்தால் உடையட்டும், உள்ளே கிடந்தால் பூஞ்சைதான் பிடிக்கும். சாவியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள் என்று எல்லா ஊரிலும் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். சிறுகக் கட்டுவதென்றால் அந்தச் சாவியில் தொடங்கலாம்.

வேப்பமரத்தடி மேசையில் என் மைக்ராஸ்கோப் இருக்கிறது, வேரும் தயார். ஆறாம் வகுப்பு முதலில் வாங்க. ஆயாக்களும் வந்து பார்க்கலாம், டம்ளர் மேலிருக்கும் வெங்காயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.