கூட யார் வந்திருக்கீங்க?

(காட்பாடியில் மாற்றுத்திறனாளிகள் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மண்டப வாசலில் மூன்று படி. நாலு தம்பிகள் என்னை என் சக்கர நாற்காலி வண்டியோடு தூக்கி மேலே வைத்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் நான் பேச வந்ததே இந்தத் தூக்கலைப் பற்றித்தான்.

படிக்குப் பதிலாக வண்டி ஏறுவதற்குப் போடும் சரிவான பாதைதான் சாய்தளம். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், அதுதான் அதன் கணக்கு. ஒரு படி அரை அடி என்றால், இங்கே 18 அடி நீளத்துக்குப் போட வேண்டும். நம் ஊர் கிளினிக்குகளில் ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். அதன் அடியிலும் இரண்டு பைக் நிற்கும்.

சரி, உள்ளே போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். சீட்டு போடும் இடத்தில் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கீங்க?" யாரும் இல்லை என்றேன். உடனே அந்த அம்மா, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரிடம், "இவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அவர் திருதிருவென்று முழித்தார். எனக்குக் கால்தான் வராது, வாய் நன்றாகவே வரும்!

அன்றைக்குக் காலையிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே கழிப்பறைக் கதவில் என் வண்டி நுழையாது என்று தெரியும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். "நிறையத் தண்ணீர் குடிங்க" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். குடித்துவிட்டு எங்கே போவது?

இத்தனைக்கும் இது வேலூர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இங்கே சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த ஊர். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்ததும் அவர் முயற்சியால்தான். அவரே இன்றைக்கு ஏதோ ஒரு கவுன்டருக்குத் தனியாக வந்தால், "கூட யார்?" என்றுதான் கேட்பார்கள்.

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறது: எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போக வழி வேண்டும் என்று. கழிப்பறையும் ஒரு பகுதிதானே? காது கேளாதவர் உட்கார்ந்திருக்க, நம்பரை வாயால் மட்டும் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போவதும் தடைதான்.

எங்கள் தெரு டாக்டரிடம் இதையெல்லாம் புலம்பினேன். மனுஷன் டேப்பை எடுத்து அளந்தார். கழிப்பறை வாசல் 24 அங்குலம், என் வண்டி 26. ஆசாரியைக் கூப்பிட்டு நிலையைப் பெயர்த்து, 36 அங்குலத்துக்கு மாற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார். போன வாரம் அங்கே கிளம்பும்போது வீட்டிலேயே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன்.