செபத்துக்கு உயிர் தாழ்மையே!

நடுவர் அவர்களே, பினாங்கு வாழ் இறைமக்களே, வணக்கம். செபத்துக்கு உயிர் தருவது தாழ்மையா, விடாமுயற்சியா என்பது தலைப்பு. தாழ்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி லூக்கா 18ஆம் அதிகாரத்துக் கைம்பெண்ணை இங்கே அழைத்து வந்தார். நேர்மையற்ற நடுவரின் வாசலுக்கு ஓயாமல் நடந்து நீதி வாங்கியவர். மனந்தளராமல் மன்றாடுங்கள் என்று ஆண்டவரே சொன்ன உவமை. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் தோழி எட்டாம் வசனத்தோடு விவிலியத்தை மூடிவிட்டார். ஒன்பதாம் வசனத்திலிருந்து படியுங்கள். கோவிலுக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் பரிசேயர், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர். அவரும் விடாமுயற்சிக்காரர்தான்: வாரத்தில் இரு முறை நோன்பு, வருவாயில் பத்தில் ஒரு பங்கு. மற்றவர், பாவி என்று ஊரே ஒதுக்கிய வரிதண்டுபவர். அவரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்றார். ஒரே வரி. கடவுளுக்கு ஏற்புடையவராய் வீடு திரும்பியவர் யார்?

யூதரல்லாத கானானியப் பெண் தன் மகளுக்காக இயேசுவிடம் விடாமல் கேட்டாரே என்றார்கள். கேட்டார். முதல் கூக்குரலுக்கு இயேசு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, பிள்ளைகளின் உணவை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது முறையல்ல என்றார். அதைக் கேட்டபின் நம்மில் எத்தனை பேர் அங்கே நின்றிருப்போம்? ரோஷம் வந்து கிளம்பியிருப்போம். அந்தத் தாய் "ஆம் ஐயா" என்றார். மேசையிலிருந்து விழும் துண்டு போதும் என்றார். மகள் நலம் பெற்றாள்.

பவுலடியார், உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். "என் அருள் உனக்குப் போதும்" என்று பதில் வந்தது. நான்காம் முறை கேட்டதாக அவர் எழுதவில்லை! கேட்டுக்கொண்டே இருக்க விடாமுயற்சி போதும், நடுவர் அவர்களே. கேட்டதை விட்டுக்கொடுக்க அது யாருக்கும் கற்றுத்தராது. பாடுகளுக்கு முந்தைய இரவில், கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் அதே வார்த்தைகளை மூன்று முறை சொன்னார். "உம் விருப்பப்படியே ஆகட்டும்" என்று தந்தையின் கையில் ஒப்படைத்தார்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆண்டுதோறும் ஜூலை 26, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போவோம். அப்போது அந்தக் கோவில் பசிலிக்கா ஆகவில்லை, அதாவது திருத்தந்தை தரும் அந்தச் சிறப்புப் பட்டம் பெறவில்லை. அது 2019இல்தான் வந்தது. அண்ணனின் குடி நிற்க வேண்டும் என்பதே வேண்டுதல். "இத்தனை மெழுகுவர்த்தி கொளுத்தியாச்சு, இன்னும் என்ன தாயே?" என்று அம்மா கணக்குக் கேட்பார். ஒரு வருஷம் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டார். மெழுகு உருகி விரலில் வடிகிறது, துடைக்கவில்லை. "என்னால முடியல சாமி. பெத்த பிள்ளையையே வெறுக்கிறேன்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

அண்ணன் அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தான். அந்த நிலையில் வந்தால் அம்மா கதவைத் திறந்ததே இல்லை. அன்று திறந்தார். சோறு போட்டு, மீனில் முள் எடுத்து வைத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கதவைத் திறந்தது எது என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.