கேட்காத கடன்

நடுவர் அவர்களே, எதிரணியில் வரிசையாக உட்கார்ந்து என்னை ஒரு நட்டக் கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலீட்டாளர்களே, வெள்ளிக்கிழமை இரவில் வேறு வேலை இருந்தும் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, இளையர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பட்டம் வாங்கி வேலைக்குப் போகும் இளையர் முதலில் செய்ய வேண்டியது கடனை அடைப்பதா, முதலீட்டைத் தொடங்குவதா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் கடனை அடைக்கும் கட்சி. பட்டிமன்றம் என்றால் ஒரு செய்யுளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே அந்தக் கடமையை முடித்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு சம்பளச் சீட்டோடு தொடங்குகிறேன்.

சிங்கப்பூரின் 2024ஆம் ஆண்டுப் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில், முழுநேர நிரந்தர வேலை கிடைத்த புதிய பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. வீட்டில் இதைச் சொன்னால் அம்மா உடனே அண்டை வீட்டு அக்காவுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கு 20 விழுக்காடு, அதாவது 900 வெள்ளி. நம்மவர் என்றால் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு 7 வெள்ளி. கைக்கு வருவது 3,593. அண்டை வீட்டு அக்காவுக்கு அனுப்பிய எண் வேறு, வங்கிக் கணக்கில் விழும் எண் வேறு.

இந்த இடத்தில்தான் எதிரணிக்கு என் முதல் கேள்வி. "முதலீட்டை இப்போதே தொடங்கு, தொடங்கு" என்கிறீர்களே, அந்த 900 வெள்ளி எங்கே போகிறது? அதோடு முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு போடுகிறார், அது 765. ஆக மொத்தம் மாதம் 1,665 வெள்ளி. அதில் 1,035 சாதாரணக் கணக்குக்கு, 270 ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கு, 360 மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு. சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி, மற்ற இரண்டுக்கும் குறைந்தது 4 விழுக்காடு. பங்குச் சந்தை விழுந்தாலும் அந்த வட்டி விழுவதில்லை. முதல் நாள் வேலைக்குப் போன பிள்ளை, முதல் மாதமே ஓய்வுக்காலத்துக்குப் பணம் போட ஆரம்பித்துவிட்டது. அதற்கு ஒரு செயலியும் இறக்கத் தேவையில்லை, சமூக ஊடகத்தில் யாரையும் பின்தொடரவும் தேவையில்லை.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். 25 வயதில் போடும் 100 வெள்ளி, ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்தால், 60 வயதில் கிட்டத்தட்ட 770 வெள்ளி ஆகும் என்றார். கைதட்டல் அள்ளியது. நானும்தான் தட்டினேன். பெருக்கலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்ணே, அந்த "வளர்ந்தால்" என்ற சொல்லை மட்டும் நீங்கள் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டீர்கள்.

ஏனென்றால் அந்த வளர்ச்சியை நான் வாங்கப் போன கதை ஒன்று உண்டு. 2022இல் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி. உயர்நிலைப் பள்ளித் தோழி. ஆறு ஆண்டாக ஒரு பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பாதவள். "ஹாய் டி, எப்படி இருக்கே? ஒரு கோப்பி குடிப்போமா?" (சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அந்தக் கோப்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.) கோப்பிக்கு அவளே காசு கொடுத்தாள். அப்புறம் கைக்கணினியைத் திறந்தாள். மேலே மேலே போகும் ஒரு பச்சைக் கோடு. காப்புறுதியும் முதலீடும் சேர்ந்த திட்டம், மாதம் 300 வெள்ளி. நான் கையெழுத்துப் போட்டேன்.

14 மாதம் கட்டினேன். மொத்தம் 4,200 வெள்ளி. பிறகு ஒரு நாள், திட்டத்தை நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அறுநூறு சொச்சம் என்றார்கள். மிச்சமெல்லாம் தொடக்க ஆண்டுகளின் கட்டணமாம். ஆயுள் காப்புறுதித் திட்டத்தை வாங்கி, ஆவணம் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. அது எனக்குத் தெரிந்தது 14ஆவது மாதத்தில். தோழியைக் குறை சொல்லவில்லை. அவளும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிதான், அவளுக்கும் கட்ட வேண்டிய கடன் இருந்திருக்கும்.

"அது தவறான முதலீடு, நல்ல முதலீடாகப் பார்த்துப் போட வேண்டும்" என்று எதிரணி சொல்லும். சரி. 23 வயதில் எது நல்லது எது கெட்டது என்று பிரித்துப் பார்க்கும் கண் எனக்கு இல்லை. அந்தக் கண் வருவதற்குள் கடனை அடைத்திருந்தால், 4,200 வெள்ளியும் 4,200 வெள்ளியாகவே கடனில் கழிந்திருக்கும். எந்தத் தோழியும் அதில் கட்டணம் பிடிக்க முடியாது.

கடன்பற்று அட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 30,000 வெள்ளியைத் தொட்டால் போதும், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே பயணப்பெட்டி இலவசம் என்று கூப்பிடுவார்கள். 2,000 வெள்ளி பாக்கி, வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 60 வெள்ளி கட்டிவிட்டு நிம்மதியாக இருப்போம். அதில் ஏறக்குறைய 45 வெள்ளி வட்டிக்கே போய்விடும். இந்தக் கடனை வைத்துக்கொண்டு பங்கு வாங்குகிறவரை எதிரணிகூட ஆதரிக்காது என்று நம்புகிறேன். தலையாட்டுகிறார்கள், நன்றி. ஒரு புள்ளி எங்களுக்கு.

இனி சண்டைக்குரிய இடத்துக்கு வருகிறேன். எதிரணிச் சகோதரி கேட்டார்: "படிப்புக் கடனுக்கு 2.5 விழுக்காடுதான் வட்டி. அது ஒரு கடனா? குறைந்த தவணையைக் கட்டிவிட்டு மீதியை முதலீட்டில் போடுகிறவர்தான் புத்திசாலி."

தங்கச்சி, முதலில் அந்த "மீதி". என் மீதி எங்கே போனது என்று வங்கிக் கணக்கைப் பார்த்தேன். பாலிக்குச் சுற்றுலா ஒரு தடவை, சோலுக்கு ஒரு தடவை, உள்விளையாட்டரங்கில் ஒரு இசை நிகழ்ச்சி, மழை பெய்த நாளெல்லாம் வாடகை வண்டி. காகிதத்தில் மீதி முதலீட்டுக்குப் போகும். வாழ்க்கையில் மீதி மீதியாகவே இருப்பதில்லை.

இரண்டாவது, அந்த 2.5 விழுக்காட்டுக் கடன் யாருடைய பணம்? அரசாங்கத்தின் கல்விக் கட்டணக் கடனை வாங்கியவர்களுக்குப் படிக்கும்வரை வட்டி கிடையாது, பட்டம் வாங்கிய பிறகு தொடங்கும். ஆனால் நீங்கள் சொன்ன 2.5 விழுக்காடு அந்தக் கடன் இல்லை. மத்திய சேம நிதிக் கல்விக் கடன். என் படிப்புக்கு வந்த 20,000 வெள்ளி என் அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்தது. அப்பா பேருந்து ஓட்டுநர். விடியற்காலை மூன்றரைக்கு ஈசூனில் எழுந்து போய்ச் சேர்த்த பணம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். பட்டம் வாங்கி ஓர் ஆண்டில் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும், 12 ஆண்டு வரை இழுக்கலாம்.

இந்தக் கடனில் வட்டி யாருக்குப் போகிறது தெரியுமா? அசலும் வட்டியும் சேர்ந்து அப்பாவின் கணக்குக்கே திரும்புகின்றன. வங்கிக்கு ஒரு காசுகூட இல்லை. நான் கட்டுகிற 2.5 விழுக்காடு என் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை.

பழைய மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்று ஒட்டியிருப்பார்கள். அப்பாவின் கடனுக்கு அது பொருந்தாது. அப்பா கேட்கவே மாட்டார், அன்பும் முறியாது. வங்கி மாதா மாதம் குறுஞ்செய்தி அனுப்புகிறது, ஒரு நாள் தாமதித்தால் அபராதம் போடுகிறது. அதனால் வங்கிக்கு ஒழுங்காகக் கட்டுகிறோம். கேட்காதவர் கடன்தான் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது.

2025இல் அப்பாவுக்கு 55 வயது ஆனது. அந்த வயதில் ஓய்வுக்காலக் கணக்கு என்று ஒன்று தொடங்குகிறது. சிறப்புக் கணக்கிலும் சாதாரணக் கணக்கிலும் இருக்கும் பணம், முழு ஓய்வுக்காலத் தொகை என்ற வரம்பு வரை, அதற்குப் போகிறது. 2025இல் 55ஐ எட்டியவர்களுக்கு அந்த வரம்பு 213,000 வெள்ளி. அந்தக் கணக்குக்கு வட்டி 4 விழுக்காடு. 65 வயதிலிருந்து மாதா மாதம் கைக்கு வரும் தொகை அதில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பாவின் கணக்கில் அந்த 20,000 இருக்க வேண்டிய இடத்தில் என் பட்டம் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

காப்புறுதித் திட்டத்தை நிறுத்திய மாதத்திலிருந்து அப்பாவின் கணக்குக்கு மாதம் 800 வெள்ளி கட்டினேன். போனஸ் வந்தபோதெல்லாம் அப்படியே தூக்கிப் போட்டேன். அம்மா வீட்டில்தான் இருந்தேன், வாடகை இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். வாடகை கொடுப்பவருக்கு இந்த வேகம் வராது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்ததையெல்லாம் வழித்துக் கடனில் போடவில்லை. மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலில் ஒதுக்கினேன், அதில் ஒரு பகுதி சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். குறைந்தது 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் திரும்ப எடுக்கலாம். "பார்த்தீர்களா, முதலீடு!" என்று அண்ணன் எழுதிக்கொள்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. வேலை போனால் கடன்பற்று அட்டையைத் தொடாமல் இருப்பதற்காக வைத்த பணம் அது. அதுவும் எங்கள் கட்சிதான்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்னால் கடைசித் தவணை போனது. அறிக்கையைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "உன் கையில் ஏதாவது இருக்கா?" என்றுதான் கேட்டார்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் நிறைவுரைக்கு வரும்போது ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லட்டும். 2023இல் தொடங்கி, மாதம் குறைந்த தவணை மட்டும் என்று 12 ஆண்டு இழுத்து, மீதியை முதலீட்டில் போட்டிருந்தால், கடைசித் தவணை போகும்போது என் அப்பாவுக்கு என்ன வயது? பெருக்கல் வேண்டாம் அண்ணே, கூட்டல் போதும். நன்றி, வணக்கம்.