ஹஜ்ஜுக்கு யார் துணை?

பெரியவர்களுக்கும் சகோதரிகளுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுக்குப் பணம் சேர்த்துவிட்ட ஒரு விதவையை எடுத்துக்கொள்வோம். வாப்பா மௌத்தாகிவிட்டார். ஆண்பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன் மைனி" என்று கொழுந்தன் முன்வருகிறார். ஆனால் ஹஜ் பயணத்தில் பெண்ணுக்குத் துணையாக வர வேண்டியவர் மஹ்ரம்; கொழுந்தன் மஹ்ரம் ஆகமாட்டார். அக்கா மாப்பிள்ளையும் சாச்சா மகனும் அப்படித்தான். மகளைக் கட்டிய மருமகன் ஆவார். நிக்காஹ் செய்ய நிரந்தரத் தடை உள்ள ஆணுக்குத்தான் அந்தத் தகுதி. சரி, மருமகன் வந்தால் அவர் செலவு? ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்) அதுவும் அவள் தலையில்தான். ஒரு ஹஜ்ஜுக்குச் சேர்த்தவள் இரண்டு ஹஜ்ஜுக்குச் சேர்க்க வேண்டும்.

ஒட்டகத்தில், வழிப்பறி பயத்தோடு போன காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அந்தக் காலத்திலேயே இன்னொரு மத்ஹபான ஷாஃபியின் இமாம்கள், கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்கள் கூட்டமாகப் போனால் போதும் என்றார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் ஷாஃபி ஊர்கள்தானே! ஆனாலும் கிதாபில் இருந்த அனுமதி நம் அரசின் விண்ணப்பப் படிவத்துக்கு வர 2018 ஆனது. 45 வயது கடந்த பெண்கள், அவர்கள் மத்ஹப் அனுமதித்தால், குறைந்தது நான்கு பேராகப் போகலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே சவூதி அரசு, 21 வயதான பெண் யார் அனுமதியும் கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்துப் பயணம் போகலாம் என்றது. 2023இல் கோழிக்கோட்டிலிருந்து பெண்கள் மட்டுமே பயணித்த ஹஜ் விமானம் புறப்பட்டது. பணியாளர்களும் பெண்களே.

இந்த 45 வயதுக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை. 44 வயது டாக்டரம்மா லண்டனுக்குத் தனியாகப் போய்வரலாம், அரசின் ஹஜ் கமிட்டி வழியாக மக்காவுக்கு அப்படிப் போகக்கூடாதாம்!

அப்புறம், மஹ்ரமாகப் போகிறவர் எந்நேரமும் பக்கத்தில் இருப்பாரா என்ன? மக்காவுக்குப் பக்கத்தில் ஹாஜிகள் தங்கும் மினாவில் பெரும்பாலும் பெண்கள் கூடாரம் தனி. ராத்திரி சுகர் இறங்கித் தலை சுற்றினால் துணைக்கு வந்த ஆணை எங்கே தேடுவது? பக்கத்து மெத்தையில் படுத்திருப்பவள்தான் எழுந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பாள். வெளியே போனால் எல்லாக் கூடாரமும் ஒரே வெள்ளை. எண்ணைப் பார்த்துத் திரும்ப அழைத்து வருபவளும் அவள்தான்.

இப்போது, வயது முதிர்ந்தவர்கள் உதவிக்கு ஆள் இல்லாமல் விண்ணப்பிக்கக் கூடாது என்கிறது ஹஜ் கமிட்டி. ஆண்களுக்கும் இதே விதிதான். நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் தெருப் பெரியவர் ஒருவருக்கு வந்ததே கோபம்! "எனக்கே துணையா?" என்றார்.

ஆமாம் காக்கா, வீல்சேரைத் தள்ள ஆள் வேண்டாமா?